சுருட்டை முடி சோறு போடுமா?

"சுருட்டை முடி சோறு போடும், கோரை முடி குடியைக் கெடுக்கும்" என்பார் என் பாட்டி. தோட்டத்தில் பால்மரம் சீவிப் பிழைத்தவர். பள்ளிக்குப் புறப்படும் முன் என் தலையில் தேங்காய் எண்ணெயை அப்பி, சிக்கெடுத்து, இரட்டைப் பின்னல் போடுவார். வலி தாங்காமல் நான் அழும்போது அவர் சொல்லும் ஆறுதல் இது. பழமொழியின் பின்பாதியை நான் ஏற்கவில்லை. கோரை முடி வைத்திருப்பவர் யாரும் எந்தக் குடியையும் கெடுத்ததில்லை. முன்பாதியைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு கிள்ளானிலிருந்து ஓர் இளம்பெண் பிரிக்பீல்ட்சில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். டிப்ளோமா முடித்தவர். மூன்று மொழிகளும் சரளமாகப் பேசுகிறார். தனியார் நிறுவனம் ஒன்றில் முகப்பு வேலைக்கு மனு செய்து, இரண்டாவது நேர்முகம் வரை போயிருக்கிறார். கடைசியில் அந்த அதிகாரி சொன்னாராம்: "எல்லாம் சரி. வேலைக்கு வரும்போது முடியைக் கெமாசாகச் செய்துகொண்டு வாருங்கள்." அவர் தலை வாரி, இறுக்கிக் கட்டி, வலை போட்டுத்தான் போயிருந்தார். "இதற்கு மேல் என்ன கெமாஸ்?" என்று கேட்டதற்கு, "நேராக்கிவிட்டு வாருங்கள்" என்று பதில். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தவருக்கு அதன் பிறகு அழைப்பே வரவில்லை.

"அக்கா, இதுக்கு கேஸ் போட முடியுமா?" என்று கேட்டார்.

இன்றைய சட்டப்படி மிகவும் கடினம் என்று சொன்னேன். அவர் முகம் வாடிப் போனது. அந்தப் பதிலில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

கெமாஸ் வேறு, நேர் வேறு

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கெமாஸ் என்றால் ஒழுங்கு. தலையைச் சுத்தமாக வைத்திரு, வாரு, நீளமாக இருந்தால் கட்டு என்று ஒரு முதலாளி கேட்கலாம். சமையல் கட்டிலும் இயந்திரத்தின் அருகிலும் வலை போடு என்றும் கேட்கலாம். அதை மலாய்க்காரரிடமும் சீனரிடமும் இந்தியரிடமும் ஒரே மாதிரி கேட்க முடியும். எல்லாரும் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். இதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால், நேராக்கு என்பது ஒழுங்கு பற்றிய கட்டளை அல்ல. அது பிறப்பைப் பற்றிய கட்டளை. நேரான முடியோடு பிறந்தவருக்கு அது எதையும் சுமத்துவதில்லை. சுருட்டை முடியோடு பிறந்தவர் மட்டும் மூன்று நான்கு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, இருநூறு முந்நூறு வெள்ளி கொடுத்து, தலையில் இரசாயனத்தைப் பூசிக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்தில் வேர் வளர்ந்ததும் மறுபடியும் போக வேண்டும். 2025-இல் இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளக்காரப் பெண்ணுக்கு முந்நூறு வெள்ளி என்றால் நான்கு நாள் உழைப்புக்கு மேல். மற்றவர் கட்டாத ஒரு வரியை அவர் கட்டுகிறார். அந்த வரிக்கு ரசீதில் "அழகு" என்று பெயர் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தியர் எல்லாருக்கும் சுருட்டை முடி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த நாட்டில் இப்படிச் சொல்லப்படுபவர்கள் யார்? பெரும்பாலும் நம் பெண்கள். நம்மோடு, இந்த மண்ணின் பூர்வகுடிகளான செமாங் மக்கள். பள்ளியில் "மேகி முடி" என்று கேலி செய்யப்படும் பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள்? உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள்.

நானும் அந்த வரியைக் கட்டியவள்

ஊருக்கு உபதேசம் செய்யும் முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சட்டம் படித்து முடித்து, ஒன்பது மாத சேம்பரிங் பயிற்சிக்குப் போனபோது எனக்கு இருபத்து நான்கு வயது. மூத்த வழக்கறிஞர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், என்னைத் தனியே அழைத்தார். "நீதிமன்றத்தில் பார்வைக்கு எடுப்பாக இருக்க வேண்டும் அல்லவா, அந்தத் தலையை ஏதாவது செய்யம்மா" என்றார். அந்த வார இறுதியிலேயே ரிபோண்டிங் செய்துகொண்டேன். மாதப் படியில் பெரும்பகுதி போயிற்று. திங்கட்கிழமை அலுவலகமே பாராட்டியது. அதன் பிறகு ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் நிறுத்தவில்லை.

இதில் உள்ள வேடிக்கை அப்போது எனக்கு உறைக்கவில்லை. நாம் படிக்கும் சட்டம் எந்த நாட்டிலிருந்து வந்ததோ அந்த இங்கிலாந்தில், நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் பல நூற்றாண்டாகப் பொய்முடி அணிந்து வருகிறார்கள். அது குதிரை முடியை வரிவரியாகச் சுருட்டிச் செய்தது! குதிரை முடியைச் சுருட்டினால் கௌரவம், தமிழச்சியின் முடி தானாகச் சுருண்டால் அலங்கோலம். இது என்ன நியாயம்?

என்னை நிறுத்த வைத்தது கொள்கை அல்ல, கோவிட். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. சலூன்கள் மூடப்பட்டன. ஜூன் 10-இல் அவை திறந்தபோது என் தலையில் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டருக்குச் சொந்த முடி சுருண்டு நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். இருபது வயதுகளுக்குப் பிறகு நான் பார்க்காத முடி அது. என் பாட்டியின் முடி. அன்று சலூனுக்குப் போகவில்லை.

திரும்பி வருவது எப்படி?

இதைக் கேட்டு எனக்கு நிறைய பேர் எழுதுகிறார்கள். ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதற்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகள்தாம் அதன் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. ரிபோண்டிங் மருந்தில் உள்ள தையோகிளைகோலேட் அந்தப் பிணைப்புகளை உடைக்கிறது. சூட்டுக் கருவியால் இழுத்து நேராக்குகிறார்கள். பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி, நேரான நிலையிலேயே பிணைத்துவிடுகிறார்கள். ஆகவே நேராக்கிய முடி எந்த எண்ணெயாலும் மீண்டும் பழையபடி சுருளாது. வேரிலிருந்து புதிதாக வளர்வதுதான் உங்கள் முடி. அது மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். தோள் வரை வர இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம்.

வழி இரண்டு. ஒன்று, ஒரே நாளில் நேரான பகுதியை வெட்டி எறிவது. மற்றது, வளர வளர நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. இரண்டாவது வழியில் சிரமம் அதிகம். புது முடியும் பழைய முடியும் சேரும் இடம் பலவீனமானது, அங்கேதான் உடையும். உலர்ந்த தலையில் சீப்பைப் போட்டு இழுக்காதீர்கள். ஈரமாக, கண்டிஷனரோடு, விரலாலும் அகலப் பல் சீப்பாலும் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். குளிக்கும் முன் தேங்காய் எண்ணெய் வைப்பது வெறும் பாட்டி வைத்தியம் அல்ல. அது முடியின் புரத இழப்பைக் குறைப்பதாக 2003-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. இருவகை முடி தெரியும் மாதங்களில் பின்னல் போடுங்கள். நம்மிடம் இல்லாத பின்னலா?

நான் பதினான்கு மாதம் பின்னலோடு ஓட்டினேன். 2021-இல் மறுபடியும் ஊரடங்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா தன் தையல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தார். "பூமுடி எடுக்கிற மாதிரி நினைச்சுக்க" என்றார். தரையில் விழுந்தது முழுவதும் நேரான முடி. பத்துமலையில் மொட்டை போட்டுக்கொள்ள வெட்கப்படாத சமூகம் நாம். குட்டை முடிக்கு ஏன் வெட்கப்பட வேண்டும்? ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும்: முதல் மூன்று மாதம் கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அது கடந்து போகும்.

மருந்துக்குள் என்ன இருக்கிறது?

2022 அக்டோபரில் அமெரிக்க தேசியச் சுகாதாரக் கழகங்களின் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 33,497 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் 378 பேருக்குக் கருப்பைப் புற்றுநோய் வந்திருந்தது. முடி நேராக்கும் பொருள்களை ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்திய பெண்களிடையே அந்த ஆபத்து, பயன்படுத்தாதவர்களைவிட இரு மடங்குக்கு மேல் இருந்தது. எழுபது வயதுக்குள் அந்நோய் வரும் வாய்ப்பு பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 விழுக்காடு, அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 விழுக்காடு என்று கணக்கிட்டார்கள். இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை நிரூபிக்கும் ஆய்வு அல்ல. அங்குள்ள மருந்துகளும் இங்குள்ளவையும் ஒன்றல்ல. ஆகவே ரிபோண்டிங் செய்தால் புற்றுநோய் வரும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். ஆனால் வேலைக்காக ஒரு பெண்ணை இதற்குள் தள்ள எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை என்று சொல்ல இது போதும்.

கெரட்டின் சிகிச்சை என்ற பெயரில் நடப்பது வேறு. அவற்றில் சில, சூடு படும்போது ஃபார்மால்டிஹைட் ஆவியை வெளிவிடுபவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியிருக்கிறது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலமும் பத்திரமானது அல்ல. நேராக்கும் சிகிச்சைக்குப் பிறகு திடீர்ச் சிறுநீரகப் பாதிப்புக்கு உள்ளான 26 பேரைப் பற்றி இஸ்ரேலிய மருத்துவர்கள் 2023-இல் எழுதினார்கள். அந்த ஆவியைச் சுவாசிப்பவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் மட்டுமா? நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் அந்தச் சலூன் தொழிலாளிப் பெண்ணையும் நினைத்துப் பாருங்கள்.

மலேசியாவில் விற்கும் ஒவ்வோர் அழகுப் பொருளுக்கும் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவில் பதிவான அறிவிக்கை எண் இருக்க வேண்டும். அது "நோட்" என்ற எழுத்துகளில் தொடங்கும். போத்தலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எண் இருந்தாலும் அரசாங்கம் சோதித்துச் சான்று கொடுத்தது என்று பொருள் அல்ல. விற்பவர் தாமே அறிவித்தது என்றுதான் பொருள். எண்ணே இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சட்டம் எங்கே கைவிடுகிறது?

கிள்ளான் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். நம் கூட்டரசு அரசியலமைப்பின் 8(2)-ஆவது விதி, சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றின் அடிப்படையில் மட்டும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. பாலினம் என்ற சொல் 2001-இல்தான் சேர்க்கப்பட்டது. ஆனால் வேலைக்கு எடுக்கும் விசயத்தில் அவ்விதி அரசு சார்ந்த அமைப்புகளைத்தான் கட்டுப்படுத்துகிறது.

இதன் பொருளை இரண்டு பெண்களின் வழக்குகள் காட்டுகின்றன. மலேசிய விமான நிறுவனத்தில் பணிப்பெண்ணாக இருந்த பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் கர்ப்பமானதால் 1991-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் அவருக்கு அரசியலமைப்பின் பாதுகாப்பு இல்லை என்றது. நூர்ஃபாடிலா என்ற பெண்ணுக்குக் கர்ப்பத்தைக் காரணம் காட்டித் தற்காலிக ஆசிரியர் வேலை மறுக்கப்பட்டது. 2011-இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அநியாயம் இருவருக்கும் ஒன்றுதான். ஒருவர் எதிரே இருந்தது அரசாங்கம். மற்றவர் எதிரே இருந்தது ஒரு நிறுவனம். அந்த வேறுபாடு வழக்கின் முடிவையே மாற்றியது.

2023 ஜனவரி 1-இல் வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் நடப்புக்கு வந்தது. அதன் 69எஃப் பிரிவு, வேலையில் பாகுபாடு பற்றிய தகராறுகளை விசாரித்து ஆணையிட தொழிலாளர் இலாகா தலைமை இயக்குநருக்கு அதிகாரம் தருகிறது. ஆணையை மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதம். நல்ல பிரிவுதான். ஆனால் ஓட்டை இரண்டு. பாகுபாடு என்றால் என்ன என்று சட்டம் விளக்கவில்லை. அடுத்து, அது பேசுவது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறு பற்றி. வேலை கேட்டு வாசலில் நிற்பவர் இன்னும் தொழிலாளி ஆகவில்லையே! கிள்ளான் பெண் அந்த வாசலில்தான் நிறுத்தப்பட்டார்.

அனைத்து வகை இனப் பாகுபாட்டையும் ஒழிக்கும் ஐ.நா. ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாட்டோம் என்று 2018 நவம்பரில் அரசாங்கம் அறிவித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஒப்பந்தம் எங்கோ ஜெனிவாவில் இருக்கும் காகிதம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது இந்தப் பெண்ணின் தலைமுடி வரை வரக்கூடிய பாதுகாப்பு.

வெளிநாட்டில் இந்தச் சண்டை நடந்து முடிந்த இடங்களும் உண்டு. அமெரிக்காவின் அலபாமாவில், சடைசடையாகத் திரித்த முடியை வெட்ட மறுத்ததால் சாஸ்டிட்டி ஜோன்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணுக்கு 2010-இல் வேலை மறுக்கப்பட்டது. முடி அலங்காரம் மாற்றிக்கொள்ளக்கூடியது, ஆகவே அது இனப் பாகுபாடு ஆகாது என்று 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிமன்றம் கைவிட்டதும் மக்கள் சட்டமன்றத்தைப் பிடித்தார்கள். 2019 ஜூலையில் கலிபோர்னியா "கிரவுன்" சட்டத்தை இயற்றி, முடியின் இயல்பையும் இனம் என்ற விளக்கத்துக்குள் சேர்த்தது. பிறகு இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் அவ்வழியே வந்தன. கறுப்பினப் பெண்கள் கேட்டார்கள், வாங்கினார்கள். நாம் இன்னும் கேட்கவே தொடங்கவில்லை.

"வேறு பிரச்சினையே இல்லையா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். குடியுரிமை இல்லாத பிள்ளைகள், தடுப்புக் காவல் மரணங்கள், தமிழ்ப்பள்ளி நிலம் என்று இத்தனை இருக்க, இவள் முடியைப் பற்றிப் பேசுகிறாளே என்பீர்கள். அந்த வழக்குகளில் நானும் நின்றிருக்கிறேன். 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூர்த் தெருவில் கண்ணீர்ப் புகையில் நின்றவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அன்று என் தலையில் நேராக்கிய முடி இருந்தது. தெருவில் உரிமை கேட்டேன். மறுநாள் காலையில் நம் தோற்றமே தவறு என்று ஒப்புக்கொண்ட தலையோடு வேலைக்குப் போனேன். இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையா? நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வி: "அது அவரவர் விருப்பம் இல்லையா?" விருப்பம்தான். விரும்பி நேராக்கிக்கொள்ளும் எந்தப் பெண்ணையும் நான் குறை சொல்லவில்லை. அவளைத் தமிழச்சி இல்லை என்று சொல்பவன் இன்னொரு முதலாளி, அவ்வளவுதான். என் கேள்வி வேறு. நேராக்காவிட்டால் வேலை போகும் என்றால், பெண் பார்க்க வருபவர் முகம் சுளிப்பார் என்றால், அதற்குப் பெயர் விருப்பமா?

நம் பங்கையும் மறைக்க வேண்டாம். துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் நம்மவர் நடத்தும் சலூன்களின் கண்ணாடியில் எத்தனை சுருட்டை முடிப் படங்கள் ஒட்டியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். "கல்யாணத்துக்கு முன்னால ஒரு ரிபோண்டிங் பண்ணிடு" என்று சொல்வது யார்? நம் அத்தைமார்தாம். ஆற்றங்கரைக் கருமணலின் அலைவரியைக் கண்டு அதைக் கூந்தலுக்கு உவமையாக்கியவர்கள் சங்கப் புலவர்கள். அந்த அலையைச் சூட்டுக் கருவியால் தேய்த்து அழிப்பவர்கள் நாம்.

கேட்க வேண்டியவை, செய்ய வேண்டியவை

நம் கோரிக்கைகள் மூன்று. 69எஃப் பிரிவில் பாகுபாடு என்பதற்கு விளக்கம் வேண்டும். அதில் இனத்தோடு ஒட்டிய முடியின் இயல்பும் சேர வேண்டும். அப்பிரிவு வேலை தேடுபவரையும் காக்க வேண்டும். தோற்றம் பற்றிய விதிகளை ஒவ்வொரு முதலாளியும் எழுத்தில் வைக்க வேண்டும். அவை சுத்தம், பாதுகாப்பு, கட்டி வைத்தல் என்ற அளவில் நிற்க வேண்டும். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் இவற்றைக் கேளுங்கள். தேர்தல் நேரத்தில் மட்டும் அல்ல, இப்போதே.

உங்களுக்கே இது நடந்தால், வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். சொன்னவர் யார், எந்த நாள், என்ன சொற்கள் என்று அன்றே எழுதி வையுங்கள். "இந்த விதியை எழுத்தில் தர முடியுமா?" என்று பணிவாக மின்னஞ்சலில் கேளுங்கள். பெரும்பாலோர் எழுதித் தர மாட்டார்கள். தங்கள் சொல் எழுத்தில் எப்படித் தெரியும் என்று அவர்களுக்கே தெரியும். ஏற்கெனவே வேலையில் இருப்பவர் 69எஃப் பிரிவின் கீழ் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். வேலை தேடுபவர் சுஹாகாமிடம் கொடுங்கள். வெற்றி உறுதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் புகாரே இல்லாத இடத்தில் பிரச்சினையே இல்லை என்றுதான் அமைச்சு பதில் சொல்லும்.

கிள்ளான் பெண் இப்போது வேறோர் இடத்தில் வேலை செய்கிறார், சுருட்டை முடியோடுதான். முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு பெட்டி பலகாரம் வாங்கி வந்தார். அவருக்குச் சோறு போட்டது அவருடைய படிப்பும் உழைப்பும். சுருட்டை முடி யாருக்கும் சோறு போட வேண்டியதில்லை, பாட்டி மன்னிக்கட்டும். அது யாருடைய சோற்றையும் பறிக்காமல் இருந்தால் போதும். அவ்வளவுதான் நாம் கேட்பது.